டிராகன்லான்ஸ் நாவலைப் படித்தவர் அதே கதையை விளையாடலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 3 ஆகஸ்ட் 2024

டிராகன்லான்ஸ் முதல் மூன்று நாவலும் முடித்துவிட்டேன். இதே கதை டி&டி மாட்யூலாகவும், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாக ஆடுகிற 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்துக்கான கதைப் புத்தகமாகவும், இருக்கிறதாம். முடிவு தெரிந்த கதையை நான்கு பேர் உட்கார்ந்து பகடை உருட்டி மறுபடி நடத்துவதில் என்ன இருக்கிறது? கோபுரத்து மதில்மேல் வீரன் ஸ்டர்ம் சாகிறானே, அந்த மாதிரி ஒரு சாவு விளையாட்டில் நடக்குமா? எவன் தன் ஆளைச் சாக விடுவான்? என்னைக் கேட்டால் நாவல் போதும். மாட்யூல் எல்லாம் நாவல் ஓடியதைப் பார்த்து ரசிகர்களிடம் காசு கறக்கப் போட்டவை.

3 ஆகஸ்ட், இரவு 11.20

முதலில் வரிசையைத் திருத்திவிடுகிறேன். நாவலைப் பார்த்து மாட்யூல் வரவில்லை. 1984-இல் அந்த ஆட்டத்தின் நிறுவனமான டிஎஸ்ஆர் முதல் மாட்யூலை வெளியிட்டது, பெயர் 'டிராகன்ஸ் ஆஃப் டெஸ்பேர்'. 'டிராகன்ஸ் ஆஃப் ஆட்டம் ட்வைலைட்' நாவல் அந்த வருஷக் கடைசியில்தான் வந்தது. டிரேசி ஹிக்மேன் விளையாட்டுப் பிரிவில் இருந்தவர், மார்கரெட் வைஸ் புத்தகப் பிரிவில். நாவலுக்கு வெளியிலிருந்து ஆள் தேடி, சரியாக அமையாமல், இவர்கள் இருவருமே எழுத உட்கார்ந்தார்கள்.

முதல் நாவலில் மாட்யூலின் வாசனை அடிப்பது உண்மை. ஸாக் ட்ஸாராத் நகரத்துக்குள் போனதும் வாசல், படிக்கட்டு, அறை, சண்டை, அடுத்த அறை என்று போகும். எழுதியவர்களுக்கே அது தெரிந்திருந்தது. அதனால் இரண்டாம் நாவலில் மாட்யூலின் கயிற்றை அறுத்துவிட்டார்கள். தோர்பார்டின் என்ற குள்ளர்களின் நிலத்தடி ராஜ்ஜியத்தில் காரஸின் சுத்தியலைத் தேடிப் போகிற பெரிய சாகசம் இரண்டு நாவலுக்கும் நடுவில் நடந்து முடிந்துவிட்டதாகவே வரும். பனிப்பாலைப் பயணம் ஒரு பாட்டோடு போய்விடும். நீங்கள் மூன்று நாவல் படித்தும் அவற்றைப் பார்க்கவில்லை. அந்த இடங்கள் மாட்யூலில் முழுசாக இருக்கின்றன. அதை நாவலாகப் படிக்க ரசிகர்கள் 2006, 2007 வரை காத்திருந்தார்கள்.

ஸ்டர்ம் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். மேசையில் அது நடக்காது. விளையாடுகிறவனுக்குத் தன் கேரக்டர்தான் கையும் காலும். அவனாக மதில்மேல் போய்த் தனியாக நிற்க மாட்டான். டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர், நிற்க வைத்தால் அது அவனுடைய சாவே ஆகாது.

4 ஆகஸ்ட், காலை

நேற்று இங்கே எழுதியதை வைத்து நண்பர் ஒருவர் "அப்ப 16 மாட்யூலும் ஒரே கதையா?" என்று கேட்டார். இல்லை. கதை 14-ஆவதோடு முடிகிறது, 1984-இலிருந்து 1986 வரை. 15-உம் 16-உம் பிறகு வந்த குட்டிச் சாகசத் தொகுப்புகள். அந்த 14-லும் ஐந்தாவது உலகத்தைப் பற்றிய தகவல் புத்தகம், பதினொன்றாவது அட்டைக் காய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டு. ஆக விளையாடக் கிடைக்கிற சாகசம் 12.

6 ஆகஸ்ட்

நாவலும் மாட்யூலும் ஒரே கதையைச் சொன்னால் என்ன கெட்டுப்போகும் என்பதற்கு டிராகன்லான்ஸைவிட நல்ல உதாரணம் வேறு இரண்டு இருக்கின்றன. டிராகன்லான்ஸ் மாட்யூல் நாயகர்களையே உங்கள் கையில் கொடுக்கிறது. டானிஸ், ரைஸ்ட்லின், கோல்ட்மூன், எல்லாரும் நீங்கள். அதற்காகவே அதை மன்னிக்கலாம்.

1989-இல் அதே ஆட்டத்தின் இன்னொரு உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் 'அவதார்' முத்தொகுதி வந்தது. தெய்வங்கள் வானத்திலிருந்து தள்ளப்பட்டு மண்ணில் நடமாடுகிற கதை. கூடவே மூன்று மாட்யூல். அதில் மிட்நைட், கெலெம்வோர், சிரிக் என்ற நாவல் நாயகர்கள் டிஎம் கையில் இருப்பார்கள். விளையாடுகிறவர்கள் அவர்களோடு கூடவே நடக்க வேண்டும், காவல் காக்க வேண்டும், முக்கியமான நேரத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தி பரிமாறிவிட்டுச் சாப்பிடாமல் வருவது மாதிரி.

அடுத்தது 'டார்க் சன்'. 1991-இல் வந்த வறண்ட பாலை உலகம், இரும்பே அபூர்வம், தண்ணீருக்குச் சண்டை. எனக்கு மிகப் பிடித்த உலகம். அதன் முதல் மாட்யூல் 'ஃப்ரீடம்'. நீங்கள் டைர் நகரத்து அடிமைகள், கலக் என்ற மந்திர ராஜாவுக்காகக் கல் சுமந்து ஜிகுராட் கட்டுகிறீர்கள். அடி வாங்கி, பட்டினி கிடந்து, அவன்மேல் வெறுப்பு ஏறி, கடைசியில் அரங்கத்தில் அவன் விழுகிற நாள் வரும். ஈட்டியை எறிவது நாவல் நாயகர்கள். நீங்கள் கூட்டத்தில் ஒருவர். ஒன்றரை மாதம் அதை நடத்தினேன். அந்த ஈட்டி பறந்தபோது எதிரில் இருந்த நான்கு பேர் முகத்தையும் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர்கள் தொடரவே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த டார்க் சன் மாட்யூல்களின் வடிவம் அருமை. மேலே சுருள் கம்பி போட்ட இரண்டு சிறு புத்தகங்கள், ஒன்று டிஎம்முக்கு, மற்றொன்றில் ஆட்டக்காரர்களுக்குக் காட்டப் படங்கள். பக்கத்தைப் புரட்டி நிறுத்தினால் போதும். இவ்வளவு நல்ல பொருளுக்குள் அப்படி ஒரு முடிவை வைத்தார்களே என்றுதான் வருத்தம்.

11 ஆகஸ்ட், ஞாயிறு இரவு

கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று 'டிராகன்ஸ் ஆஃப் டெஸ்பேர்' தொடங்கிவிட்டோம். பிடிஎஃப் வாங்கி, பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு வைத்திருந்தேன். விதிகள் 1989-இன் இரண்டாம் பதிப்பு, என்னிடம் இருப்பது அதுதான். மாட்யூல் முதல் பதிப்புக்கு எழுதியது என்றாலும் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை.

மேசை என்று பழக்கத்தில் சொல்கிறேன். உட்காருவது கூடத்தில் பாய் விரித்து.

ஆட்கள்: அக்கா பையன், ஒன்பதாம் வகுப்பு, நாவல் படித்ததில்லை. அவனுக்கு ஸ்டர்ம். ஆபீஸ் நண்பர், நாவல்களை மனப்பாடமாகச் சொல்வார், ரைஸ்ட்லினைத் தவிர யாரையும் தொட மாட்டேன் என்றார். கல்லூரித் தோழி, கோல்ட்மூன். நான்காவது ஆள் வரவில்லை. கூடத்து ஓரத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அத்தை, "எனக்கும் ஒண்ணு குடுடா, சும்மாத்தானே உட்கார்ந்திருக்கேன்" என்றார். கையில் மிஞ்சியிருந்தது டாஸ்ஸல்ஹாஃப். கெண்டர் இனம், பயம் என்றால் என்னவென்று தெரியாது, யார் பொருளாக இருந்தாலும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளும், திருட்டு என்ற நினைப்பே இல்லாமல்.

அத்தைக்கு 68 வயது. இரண்டு மணி நேரத்தில் ரைஸ்ட்லினின் மந்திரப் பொடி, அவன் அண்ணன் காரமோனின் குத்துவாள், சத்திரத்து உப்புக் கிண்ணம் எல்லாம் அவர் பையில்.

12 ஆகஸ்ட்

சொல்ல மறந்தது. அத்தை முதல்முறை இருபது முகப் பகடையை உருட்டினார். 1 விழுந்தது. நாங்கள் எல்லாரும் "ஐயோ" என்றோம். அத்தை "தாயம்!" என்று கத்தினார். வாழ்நாள் முழுக்கத் தாயம் ஆடிய கை. அதில் 1 விழுந்தால்தான் காயே இறங்கும், மறுபடி உருட்டவும் கிடைக்கும். டி&டி-யில் 1 என்றால் கெட்டது என்று விளக்கினேன். "என்ன ஆட்டம் இது" என்றார்.

18 ஆகஸ்ட்

பகடை பற்றிக் கேட்டிருந்தார்கள். இப்போது ஆன்லைனில் ஏழு பகடை செட் எளிதாகக் கிடைக்கிறது. நான் கல்லூரியில் இருந்தபோது எங்கள் ஊரில் ஆறு முகத்தைத் தவிர வேறு பகடையே கிடையாது. ஒரு போர்ன்விட்டா டப்பாவில் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டைப் போட்டுக் குலுக்கி எடுப்போம். எட்டு முகத்துக்கு வேறு டப்பா. பத்து வருஷம் கழித்துத் தெரிந்தது, டிஎஸ்ஆரே 1979-இல் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது பெட்டிக்குள் எண் அச்சடித்த அட்டைச் சீட்டுகளை வைத்து விற்றது என்று. அன்று எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. நாங்கள் செய்தது குறைப்பட்ட ஏற்பாடு இல்லை, அசலிலேயே இருந்தது.

அந்தக் காலத்துப் பகடைகளும் ஒசத்தி இல்லை. மெத்து பிளாஸ்டிக், எண்கள் வெறும் பள்ளமாக இருக்கும், கிரேயானைத் தேய்த்து நிரப்பிக்கொள்ள வேண்டும். கொஞ்ச நாள் உருட்டினால் முனை மழுங்கி உருண்டையாகிவிடும். ஆனாலும் நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகம் என்று அந்த ஐந்து வடிவங்களைக் கையில் வைத்துப் பார்ப்பதில் ஒரு அழகு உண்டு. எல்லா முகமும் ஒரே அளவில் உள்ள ஒழுங்கு வடிவங்கள் இந்த ஐந்துதான், பழைய கிரேக்கர்கள் எண்ணி முடித்தது. பத்து முகம் அந்தக் குடும்பத்தில் சேராது, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அக்கா பையன் நான்கு முகப் பகடையை மிதித்துவிட்டான். அதையும் ஒரு சேதாரமாகக் குறித்துக்கொண்டான்.

25 ஆகஸ்ட்

பாயில் நிறுத்த மினியேச்சர் பொம்மை வாங்கலாமா என்ற கேள்விக்கு. வாங்க வேண்டாம், வீட்டில் இருப்பதைப் பாருங்கள். 1977-இன் 'மான்ஸ்டர் மேனுவல்' புத்தகத்தில் இன்றும் எல்லாருக்கும் தெரிந்த மூன்று பிராணிகள் உண்டு: இரும்பைத் துருப்பிடிக்க வைப்பது, ஆந்தைத் தலைக் கரடி, மண்ணுக்குள் நீந்தும் புலெட். மூன்றுமே இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் மலிவு விலையில் வாங்கிய ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைப் பொட்டலத்திலிருந்து பிறந்தவை. பொம்மை முதலில் பாயில் நின்றது, பிறகுதான் அதற்குப் பெயரும் பலமும் வந்தது.

எங்களிடம் கொலுப் பெட்டி இருக்கிறது. சொலேஸ் ஊரில் ராட்சத மரத்துமேல் கட்டிய சத்திரம் 'இன் ஆஃப் தி லாஸ்ட் ஹோம்'. அதன் உரிமையாளர் ஓட்டிக் குண்டானவர், மசாலா உருளைக்கிழங்குக்குப் பேர் போனவர். கடை பரப்பி உட்கார்ந்திருக்கிற செட்டியார் பொம்மையைத் தவிர அவருக்கு வேறு யார் பொருந்துவார்? டிராகோனியன்கள் என்ற டிராகன் மனிதப் படைக்குக் கல்யாண செட்டில் உள்ள நாதஸ்வரக்காரர்கள், தவில்காரர்கள். கறுப்பு டிராகன் கிசாந்த்துக்கு மட்டும் எதுவும் அமையவில்லை.

உருளைக்கிழங்கு என்றதும் ஞாபகம். 1987-இல் 'லீவ்ஸ் ஃப்ரம் தி இன் ஆஃப் தி லாஸ்ட் ஹோம்' என்று ஒரு புத்தகம் வந்தது. அதில் விதிகளே கிடையாது. அந்த உலகத்துப் பாட்டு, நாட்காட்டி, மூலிகைக் குறிப்பு, சமையல். ஓட்டிக்கின் உருளைக்கிழங்குச் செய்முறையும் உண்டு. துணைப் பொருள் என்று வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். திரை, அட்டவணை, வரைபடம் எல்லாம் டிஎம்முக்கு உதவும். இது மட்டும் எல்லாரையும் அந்தச் சத்திரத்துக்குள் உட்கார வைக்கும். செய்முறையை வாசித்துக் காட்டினேன். அத்தை பாதியிலேயே எழுந்துபோய்த் தன் முறைப்படி சோம்பும் பூண்டும் தட்டிப் போட்டு வறுத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு சத்திரத்தைவிட்டு யாரும் கிளம்பவில்லை. கதை ஒரு அடி நகரவில்லை, யாரும் குறைப்படவும் இல்லை.

8 செப்டம்பர்

"பகடைச் சத்தம் கேட்கிற நாவல்" என்று ஒருவர் எழுதியிருந்தார். சத்தம் கேட்கட்டுமே. ரைஸ்ட்லினைப் பாருங்கள். டி&டி-யில் மந்திரவாதி காலையில் புத்தகத்தைப் பார்த்து மந்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டும், ஒருமுறை சொன்னதும் அது நினைவைவிட்டுப் போய்விடும். ஜாக் வான்ஸ் கதைகளிலிருந்து எடுத்துக்கொண்ட ஏற்பாடு. விதிப் புத்தகத்தில் அது வெறும் கணக்கு, இன்றைக்கு இத்தனை மந்திரம் என்று. ஹிக்மேனும் வைஸும் அந்தக் கணக்கையே ஒரு மனிதனின் உடம்பாக்கினார்கள். மந்திரம் சொல்லி முடித்ததும் இருமி ரத்தம் துப்பி அண்ணன் தோளில் சாய்கிறவன், மறுநாள் விடியலில் யாரோடும் பேசாமல் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவன். விதி இல்லாவிட்டால் அந்த ஆள் பிறந்திருக்க மாட்டான்.

நேற்றைய ஆட்டத்தில் ஆபீஸ் நண்பர் முதல் சண்டையிலேயே தூக்க மந்திரத்தைச் செலவழித்துவிட்டார். பிறகு மூன்று மணி நேரம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் நடந்தார். "நாவலை பத்து தடவை படிச்சிருக்கேன், இவ்வளவு பலவீனமா இருப்பான்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றார். மேலே கேட்டவருக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன், ஆகஸ்ட் 3-ஆம் தேதி சொல்லத் தெரியவில்லை.

அந்த மந்திர வார்த்தைகளின் ஓசை நமக்கு ஏன் அந்நியமாகப் படவில்லை என்று யோசித்திருக்கிறேன். ஹிக்மேன் இளம் வயதில் மதப்பணிக்காக இந்தோனேசியாவில் இருந்தவர், அந்த மொழியின் சாயலில்தான் அவற்றை அமைத்தார்.

15 செப்டம்பர்

இன்று விளையாடவில்லை, ஸ்டர்முக்குப் பரீட்சை. அதனால் தடம் மாறிப் போகிறேன்.

எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த மாட்யூல் 1983-இன் 'ரேவன்லாஃப்ட்'. டிரேசி ஹிக்மேனும் மனைவி லாராவும் சேர்ந்து எழுதியது. 32 பக்கம்தான். ஸ்ட்ராட் என்ற ரத்தக்காட்டேரிப் பிரபு, தம்பிக்கு நிச்சயித்த பெண்மேல் ஆசைப்பட்டுத் தம்பியையே கொன்றவன், அவள் சாயலில் ஊரில் ஒருத்தி. கதையாகச் சொன்னால் பழைய கதை. அவர்கள் செய்த வேலை என்னவென்றால், கதையின் முடிச்சுகளைச் சீட்டுக்கட்டில் போட்டுவிட்டார்கள். ஆட்டத்தின் நடுவில் மேடம் ஈவா என்ற குறிசொல்லி சீட்டு எடுப்பாள். சூரிய வாள் எங்கே, புனிதச் சின்னம் எங்கே, ஸ்ட்ராடின் நோக்கம் என்ன என்பதை எல்லாம் அந்தச் சீட்டு தீர்மானிக்கும். டிஎம்முக்கே அதற்கு முன்னால் தெரியாது. மூன்று முறை நடத்தியிருக்கிறேன், மூன்றும் வேறு வேறு கதை. கோட்டை வரைபடமும் மேலிருந்து பார்க்கிற தட்டை வரைபடம் இல்லை, சாய்வாக வெட்டிக் காட்டியது. எந்தப் படிக்கட்டு எந்த மாடத்துக்குப் போகிறது என்று விரல் வைத்துத் தொடரலாம்.

2016-இல் இதையே பெரிதாக்கி 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' கொண்டுவந்தார்கள். அதற்கென்று 54 அட்டை கொண்ட டாரோக்கா கட்டு தனியாகவும் வந்தது. அது வாங்கத் தகுந்த பொருள், ஆட்டத்துக்குள் ஒருவர் கையால் தொடுவது. ஆனால் முதல் மாட்யூலுக்கு நம் வீட்டு ரம்மிக் கட்டே போதும்.

இதே கணக்கில் 1978-இன் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' கூட வந்த படப் புத்தகத்தையும் சேர்ப்பேன். அந்த மாட்யூல் எனக்குப் பிடிக்காது, பொறிமேல் பொறி வைத்து ஆட்களைக் கொல்கிறது. ஆனால் வாய் பிளந்த அந்தப் பச்சை முகத்தின் படத்தைத் தூக்கிக் காட்டும்போது அறையில் விழுகிற அமைதிக்கு ஈடு இல்லை.

22 செப்டம்பர்

ஆகஸ்ட் 6-ஆம் தேதி எழுதியதை வைத்து, நாவல் வந்தாலே விளையாட்டு கெடும் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் நாவல்களில் வருகிற ட்ரிஸ்ட் என்ற பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர். ஏ. சால்வடோரின் 'தி கிரிஸ்டல் ஷார்ட்' 1988-இல் வந்தபோது அவன் துணைப் பாத்திரம், நாயகன் வுல்ஃப்கார். 1990-இன் 'ஹோம்லேண்ட்' அவனுடைய பிறந்த ஊருக்குப் போகிறது: மென்சோபெரான்சான், சூரியன் எட்டாத நிலத்தடி நகரம். அங்கே நேரம் காட்டுவது ஒரு கல்தூண். தினமும் தலைமை மந்திரவாதி அதன் அடியில் சூடேற்றுவான், சூடு மெல்ல மேலே ஏறும், அதைப் பார்த்து ஊர் மணி சொல்லும். இருட்டில் பார்க்கிற கண்களுக்குச் சூடுதான் வெளிச்சம்.

1992-இல் இந்த நகரத்தைப் பெட்டியாகவே போட்டார்கள், வரைபடமும் குடும்பங்களின் பட்டியலுமாக. நாவலின் கதையை நடத்து என்று அந்தப் பெட்டி சொல்லவில்லை. ஊரைக் கொடுத்தது, அவ்வளவுதான். யாரைக் காட்டிக்கொடுப்பது, யாரோடு சேர்வது என்பது நம் பாடு. நாவல் ஊரைக் கொடுத்தால் விளையாட்டு வாழும். நிகழ்ச்சியைக் கொடுத்தால்தான் சிக்கல். டிராகன்லான்ஸ் நிகழ்ச்சியைக் கொடுக்கிறது, அதனால்தான் எனக்கு அதன்மேல் முழு நம்பிக்கை வருவதில்லை.

6 அக்டோபர்

நவராத்திரி. செட்டியார் படிக்கு ஏறிவிட்டார், டிராகோனியன்களும்தான். இரண்டு வாரம் பாயில் புளியங்கொட்டையும் சோழியும்.

ஒரு திருத்தம், அத்தையிடம் நேரிலும் சொல்லிவிட்டேன். 1 என்றால் கெட்டது என்றேனே, அது அடிக்கிற வீச்சு மாதிரி சிலவற்றுக்குத்தான். எங்கள் இரண்டாம் பதிப்பில் திறமைப் பரிசோதனைக்கு நம் எண்ணுக்குள் விழ வேண்டும், குறைய விழுந்தால் நல்லது. அன்றைக்கு அத்தை உருட்டியது பூட்டிய பெட்டியைச் சத்தமில்லாமல் நகர்த்த, டெக்ஸ்டெரிட்டி பரிசோதனை. 1 விழுந்தது மிகச் சிறந்த வீச்சு. இரண்டு மாதம் தப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். "நான்தான் அன்னைக்கே தாயம்னேனே" என்றார், சுண்டல் கிண்ணத்தை என் கையில் வைத்தபடி.

20 அக்டோபர், நள்ளிரவு

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். நாவல் படிக்காதவர்கள் இதையும் அடுத்த குறிப்பையும் தாண்டிவிடுங்கள்.

ஸாக் ட்ஸாராத்தின் அடியில் டிராகனை முடித்துவிட்டோம். தேடிப் போன புனிதத் தட்டுகள் கைக்கு வந்தன, குகை இடிகிறது. மேலே போக ஒரே வழி, சங்கிலியில் தொங்குகிற இரண்டு பெரிய இரும்புக் கொப்பரைகள். ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும். எல்லாருக்கும் ஒரே நடையில் இடமில்லை. பின்னால் டிராகோனியன்கள் ஓடி வருகிறார்கள்.

அக்கா பையன் வரைபடத்தைப் பார்த்தான். "அடுத்த கொப்பரை வர எவ்ளோ நேரம் மாமா?" ஐந்து ரவுண்டு என்றேன். "அஞ்சு ரவுண்டு யாராவது இங்க நிக்கணும்ல?" ஆமாம். "சரி, நான் நிக்கிறேன். நீங்க ஏறுங்க."

நான் எதுவும் தூண்டவில்லை. நாவல் தெரிந்த இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. ஆபீஸ் நண்பர் கையில் வைத்திருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

முதல் ரவுண்டில் பாஸ் என்ற வகை டிராகோனியன் ஒன்றைக் கொன்றான். அந்த வகை செத்ததும் கல்லாகிவிடும், பரிசோதனையில் தவறினால் வாள் அதற்குள் மாட்டிக்கொள்ளும். உருட்டினான், 19. வாள் மாட்டிக்கொண்டது. "விட்டுட்டு ஓடி வாடா, சங்கிலியப் பிடி" என்றார் அத்தை, கெண்டராக இல்லை, பாட்டியாக. அவன் தலையை ஆட்டினான். அவனுடைய கேரக்டர் ஷீட்டின் மேல் சொலாம்னிய வீரர்களின் உறுதிமொழியைத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன்: என் மானமே என் உயிர். அதை ஒருமுறை பார்த்துவிட்டு, "கேடயத்தால அடிக்கிறேன்" என்றான். இரண்டாவது, மூன்றாவது ரவுண்டு நின்றான். நான்காவதில் நான் உருட்டிய பகடை திரைக்குப் பின்னால் விழுந்தது. மாற்றிச் சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. திரையை எடுத்துவிட்டு எல்லாருக்கும் காட்டினேன். 20.

மற்ற எல்லாரும் மேலே போய்ச் சேர்ந்தார்கள்.

21 அக்டோபர்

டிராகன்லான்ஸ் மாட்யூலில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. கதைக்கு வேண்டிய ஆள் செத்தால், உடல் கிடைக்காதபடி, உறுதியாகத் தெரியாதபடி சாகவிடு, பின்னால் எப்படியோ பிழைத்து வந்தான் என்று கொண்டுவரலாம். குகை இடிந்திருக்கிறது, உடல் கிடைக்கவில்லை. விதி கச்சிதமாகப் பொருந்தியது. இன்று மாலை அவனுக்குப் போன் செய்து சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "வேண்டாம் மாமா. அவன் நின்னதுனாலதான் பாட்டி மேல போனாங்க. திரும்பி வந்தா நான் நின்னதே இல்லைன்னு ஆயிடும்."

3 ஆகஸ்ட் அன்று "மேசையில் அது நடக்காது" என்று எழுதியிருந்தேன். அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். கோபுரமும் மதிலும் எட்டாவது மாட்யூலில் இருக்கின்றன. எங்கள் ஸ்டர்ம் அங்கே வரமாட்டான். கோபுரத்து மதிலுக்கு என்ன செய்வது என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன், நாவலில் விடை இல்லை.

மேலே கேட்டவர் எழுதியிருக்கிறார்: "சரி, ஆனால் அந்தப் பையன் நாவல் படித்திருந்தால் நின்றிருப்பானா?" நின்றிருந்தாலும் அது பார்த்து எழுதியதாகியிருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆபீஸ் நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. தெரிந்தே நிற்பது இன்னும் கஷ்டம் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ரைஸ்ட்லின் எங்கே போய் முடிவான் என்று தெரிந்தும் அவனையே கேட்டு வாங்கியவர்.

3 நவம்பர்

தீபாவளி லேகியத்தோடு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் 'ஆட்டம் ட்வைலைட்' கேட்டான், கொடுத்தேன். மூர் மார்க்கெட்டில் வாங்கிய பிரதி, முதுகில் டேப் ஒட்டியது, அட்டையில் லாரி எல்மோர் ஓவியம். அதில் கவசம் போட்டு மீசையோடு இருப்பவன் யார் என்று கேட்கத் தேவையில்லாமல் விரலை வைத்தான்.

"இதுல இவன் சாவானா மாமா?"

"இந்தப் புத்தகத்துல இல்ல."

இரண்டாம் பாகம் எப்போது தருவீர்கள் என்று வாசல்வரை வந்து கேட்டான். அத்தையும் இப்போது கேரக்டர் ஷீட் பின்னால் கணக்கு வைத்துக்கொள்கிறார். ஸ்டர்மின் வாள் இன்னும் கல்லுக்குள் இருக்கிறதா, பாஸ் டிராகோனியன் கொஞ்ச நேரத்தில் பொடியாகிவிடும் என்றாயே, அப்படியானால் வாள் கீழே விழுந்திருக்குமே, கெண்டர் போய் எடுக்கலாமா என்று கேட்கிறார். விதிப்படி எடுக்கலாம். அடுத்த ஞாயிறு இறங்குகிறோம். பையன் புது கேரக்டருக்கு ஆறு முறை பகடை உருட்டி வைத்திருக்கிறான், பெயர் இன்னும் வைக்கவில்லை.